தாயாரம்மா சொன்ன உறவுமுறை

நனைந்த கோணியின் வாசனை.

போன வாரம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டபோது, தெருமுனைக் காய்கறிக்காரர் வெங்காயக் குவியலின் மேல் ஒரு பழைய கோணியை இழுத்துப் போர்த்தினார். நான் குடையை விரிக்க மறந்து நின்றேன். "அரைக் கிலோ போதுமாம்மா?" என்று மூன்று முறை கேட்டாராம். எனக்குக் காது கேட்கவில்லை. மூக்கு மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

சணலும் ஈரமும் சேர்ந்தால் மட்டும் அந்த வாசனை வந்துவிடாது. அதில் ஒரு பிடி கரித்தூள் வேண்டும். உப்பு வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் நின்று மூச்சு விட வேண்டும். தெருமுனையில் இது எதுவும் இல்லை. ஆனாலும் என் மூக்கு அவற்றையெல்லாம் எங்கிருந்தோ திரட்டிக்கொண்டு, ராயபுரத்துக்கு வடக்கே, ஒரு குடிசைக்குள் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

அந்தக் குடிசையின் நடுவே ஒரு படுதா தொங்கியது. துறைமுகத்தில் கரி அள்ளிய நான்கு கோணிகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்தது. படுதாவுக்கு இந்தப் பக்கம் தாயாரம்மா. அந்தப் பக்கம் பச்சையம்மா. இருவருக்கும் ஒரே புருஷன். அவர் செத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. படுதா மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

நர்சம்மா

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. சமூகப் பணிப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே என் வீட்டுக்குப் புரியவில்லை. "பேசுவதற்குப் படிப்பா?" என்று அப்பா கேட்டார். நான் பேட்டி காணப் போன கடலோரக் குப்பத்துக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள்.

கையில் பையும் அட்டையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் குடிசைக்குள் நுழைந்தால் அவள் நர்சாகத்தான் இருக்க வேண்டும். முதல் நாள் தாயாரம்மா கேட்டது இதுதான்.

"இருமலுக்கு மாத்திரை வெச்சுகினு கீறியா நர்சம்மா?"

"நான் நர்ஸ் இல்லீங்க. உங்களோட பேசத்தான் வந்திருக்கேன்."

"பேசறதுக்கா? அதுக்கு இம்மாந்தூரம் இன்னாத்துக்கு வந்தே? இங்க பேச ஆளில்லாமயா கீது?"

படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நல்லா கேளு நர்சம்மா. அவ வாய மூடினா அந்தக் கடலே கம்முனு ஆயிடும்."

"பாத்தியா? இத்தான். முப்பது வருசமா இத்தான்" என்றாள் தாயாரம்மா. குரலில் வருத்தம் இருந்ததாகத்தான் அன்று குறிப்பெழுதினேன். இப்போது எழுதச் சொன்னால் அந்தச் சொல்லைப் போட மாட்டேன்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கரையைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு வரிசைக் குடிசை போகும். அடுத்துப் போக இருந்தது இவர்கள் வரிசை. நல்ல மனிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்து, திருவொற்றியூர் ரோட்டோரமாக ஓடு போட்ட லைன் வீடுகள் கட்டியிருந்தார்கள். குடிசை யார் பெயரில் இருந்ததோ அவருக்கோ, அவர் மனைவி மக்களுக்கோ ஓர் அறை. உறவில்லாமல் ஒண்டியிருந்த வயதானவர்களுக்கு அறை கிடையாது. அவர்களைப் பட்டணத்தின் தென்கோடியில் ஓர் அநாதை இல்லத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதுவது எங்கள் வேலை. வயதானவர்களைப் பேட்டி காண்பது என் பங்கு.

அதாவது என் கையிலிருந்த அட்டையில் 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் நான் எழுதுவதைப் பொறுத்து ஒருத்தி லைன் வீட்டுக்குப் போவாள், இன்னொருத்தி ஊரின் மறுகோடிக்குப் போவாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத வயது அது.

ஊதா நாக்கு

கொஞ்சம் விலகிப் போகிறேன்.

எங்களுக்குக் காப்பியிங் பென்சில் கொடுத்திருந்தார்கள். எச்சில் பட்டால் ஊதாவாகும், அழிக்க முடியாது. நாக்கு நுனியில் தொட்டுத் தொட்டு எழுதுவோம். மாலையில் வீடு திரும்பும்போது பயிற்சியில் இருந்த எல்லாப் பெண்களின் நாக்கும் நாவற்பழம் தின்ற நாக்காக இருக்கும். கசக்கும். அந்தக் கசப்பு எனக்குப் பிடித்திருந்தது.

வண்ணாரப்பேட்டையில் காதர் பாய் என்று ஒரு வயதான தையற்காரர். அவரைப் பேட்டி காணப் போய், "உங்க வயசு என்னங்க பாய்?" என்றேன். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே, "எதுக்கும்மா? உங்க காலேஜ்ல எனக்குப் பொண்ணு பாத்துகினு கீறாங்களா?" என்றார். "சும்மா எழுதிக்கத்தான்" என்றேன். "அப்படின்னா நாப்பதுன்னு எய்திக்கோ. எனக்கும் சந்தோசம், கெடைக்கப்போற பொண்ணுக்கும் சந்தோசம்." கடை முழுக்கச் சிரித்தது. எழுதக் கூடாதென்று தெரிந்தும் நாற்பது என்றே எழுதினேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ரெபேக்கா அம்மாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்படும் விதம் அதுதான்.

"சொன்னதை எழுதணும், சரி. யார்கிட்ட எப்படிக் கேட்டா எது வரும்னு தெரிஞ்சுக்கணும். ஒவ்வொருத்தரையும் தனியா உட்கார வச்சுக் கேளு. கூட்டத்துல மனுஷன் உண்மை பேச மாட்டான்."

அந்தப் பாடத்தை நான் எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

ஒண்ணும் ஆவாது

தாயாரம்மாவைக் குடிசைக்குள் வைத்துக் கேட்டேன். பச்சையம்மாவை அதற்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டேன். தாயாரம்மா கருவாட்டுக் கூடையைத் தட்டித் தட்டி ஈ விரட்டிக்கொண்டே சொன்னாள்.

"மொத தாரம் நானு. மோளம் கொட்டி, கோயில்ல வெச்சு, ஊரக் கூட்டிக் கட்டினாரு. அவள அப்பால இட்டாந்தாரு. மழக்காலத்துல பூனக்குட்டிய இட்டாருவாங்க பாரு, அதாட்டம்."

"அவங்க உங்களுக்கு என்ன உறவுங்க?"

"அவளா?" கூடையைத் தட்டிய கை நின்றது. "அவ எனக்கு ஒண்ணும் ஆவாது. எய்திக்கோ. ஒண்ணும் ஆவாது."

எழுதிக்கொண்டேன். ஊதாவில், அழியாமல்.

பிறகு பச்சையம்மாவைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார வைத்தேன். அவள் துறைமுக வாசலில் வேகவைத்த வேர்க்கடலை விற்பவள். என்னைப் பார்த்ததும் மடியிலிருந்து ஒரு கை கடலையை எடுத்து என் அட்டையின் மேலேயே வைத்தாள். தாள் ஈரமானது.

"தாயாரம்மா சொன்னதுதான் நெசம். கட்டிக்கினது அவ. சேந்துக்கினது நானு. அவள எய்திக்கோ."

"உங்களுக்குத் தாலி...?"

"தாலி இன்னா தாலி! கரிக் கப்பல் வந்துச்சுன்னா மனுசன் நாலஞ்சு நாளு ஊட்டுப் பக்கம் வர மாட்டாரு. வந்தாலும் மூஞ்சி தெரியாது. கரி. கண்ணு ரெண்டும் மட்டும் தெரியும். அந்தக் கண்ணப் பாத்துட்டுப் பின்னாடியே வந்துட்டேன்." சொல்லிவிட்டுக் கடலை உரித்தாள். "புத்தி கெட்டவ."

"தாயாரம்மா மேல கோவம் இல்லையா?"

"கோவமா? நான் வந்த அன்னிக்கி எனக்குச் சோறு போட்டவ அவதான். திட்டிக்கினேதான் போட்டா. ஆனா போட்டா."

இந்த வாக்கியத்தையும் எழுதியிருக்கிறேன். ஓரத்தில், சின்ன எழுத்தில். கட்டத்துக்குள் அதற்கு இடமில்லை. கட்டத்துக்குள் எழுதியது: 'உறவு: இல்லை.' இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதும் ஒன்றாக இருந்தது. இதைவிடத் தெளிவான பேட்டி உண்டா? வகுப்பில் என் தாளை எடுத்துக் காட்டிப் பாராட்டினார்கள். அன்று தங்கசாலைத் தெருவில் ஒரு முழம் கதம்பம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திட்ட ஆளில்லாத இடம்

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகர், 'இவ்வளவு பேரிடம் போய்க் கேள்வி கேட்டீர்களே, ஒருவராவது உங்களைத் திருப்பிக் கேட்டதுண்டா?' என்று எழுதியிருந்தார். கேட்டதுண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பட்டியல் வந்தது. தாயாரம்மாவுக்கு அறை. பச்சையம்மாவுக்கு இல்லம். வெள்ளிக்கிழமை வண்டி வரும், துணிமூட்டையோடு தயாராக இருக்க வேண்டும் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

புதன்கிழமை காலை, தண்டையார்ப்பேட்டையில் நாங்கள் உட்கார்ந்து தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கமிட்டி ஆபீஸ் வாசலில் ஒரு கைரிக்‌ஷா வந்து நின்றது. தாயாரம்மா இறங்கினாள். முட்டி வலியில் நாலு வீடு தள்ளி நடக்க மாட்டாதவள். தலையில் எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தாள். உள்ளே வந்தவள் கமிட்டிக் காரியதரிசியைப் பார்க்கவில்லை, ரெபேக்கா அம்மாளைப் பார்க்கவில்லை. நேரே என் மேஜைக்கு வந்தாள்.

"இன்னா எய்தினே நீ?"

"நீங்க சொன்னதுதாம்மா."

"நான் இன்னா சொன்னேன்? படி."

படித்தேன். 'அவ எனக்கு ஒண்ணும் ஆவாது.' என் குரலே எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

"அத்தப் போயி எய்துவாங்களா? அது சண்டைல சொல்றது! சண்டைல சொல்றதெல்லாம் கடுதாசில எய்திக்கினா ஊருல ஒருத்தருக்கு ஒருத்தரு உறவு இருக்குமா?"

காரியதரிசி எழுந்து வந்தார். கதர்ச் சட்டை, சாந்தமான முகம். "இப்ப என்னம்மா குறை? உங்களுக்குத்தான் ரூம் கொடுத்தாச்சே. அவங்களையும் நல்ல இடத்துக்குத்தான் அனுப்பறோம். மூணு வேளை சாப்பாடு, கட்டில், டாக்டர் எல்லாம் உண்டு."

"அங்க அவள யாரு திட்டுவாங்கோ?"

அவர் பதறிப்போனார். "ஐயையோ, அங்க யாரும் திட்ட மாட்டாங்கம்மா!"

"அத்தத்தான் நானும் சொல்றேன். திட்ட ஆளில்லாத எடத்துல அவ ஒரு மாசம் தாங்க மாட்டா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அவள் முகம் சிரிக்க விடவில்லை.

"சரி" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மாத்தி எய்து. அவதான் மொத தாரம். அப்பால வந்தவ நானு."

இந்த இடத்தில் என் பென்சில் நின்றுவிட்டது. முப்பது வருஷம் அந்தக் குப்பத்துக்கு விடிந்ததே இவள் குரலில்தான். தண்ணீர்க் குடத்தில் தொடங்கும், விளக்குமாற்றுக்குப் போகும், கடைசியில் எப்படியும் 'மோளம் கொட்டிக் கட்டினவ நானு' என்பதில் வந்து நிற்கும். வேறு சொத்து அவளுக்குக் கிடையாது. அதைத்தான் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தாள்.

காரியதரிசி மெதுவாகச் சொன்னார். "அப்படி எழுதினா ரூம் அவங்களுக்குப் போகும்மா. நீங்க இல்லத்துக்குப் போகணும்."

"ரெண்டு பேரையும் பொண்டாட்டின்னு எய்தேன்!"

"அதுக்கு இடமில்லையே. ஒருத்தரைத்தான் எழுதலாம். ரூம்காரருக்கு ரத்த சொந்தமோ கிட்ட உறவோ இருந்தா கூட வச்சுக்கலாம். அவங்கதான் ஒண்ணும் ஆவாதுன்னு நீங்களே..."

தாயாரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கரண்டி எறிந்த நாள்

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஒரு சொல் போதும். நான் எடுத்துக் கொடுத்தால் அவள் சொல்லிவிடுவாள். ஆனால் பேட்டி காண்கிறவர் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர்கள் வாயிலிருந்து வந்தால்தான் எழுதலாம். ரெபேக்கா அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அவரே வந்து தாயாரம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை மொறமொறத்தது. அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"தாயாரம்மா, ஒண்ணு கேக்கறேன். உங்க பக்கத்துல இளையதாரமா வர்றவ, மூத்தவளை எப்படிக் கூப்பிடுவா?"

"அக்கான்னு."

"பச்சையம்மா கூப்பிட்டாளா?"

"வந்த அன்னிக்கி கூப்ட்டா." தாயாரம்மா வேறெங்கோ பார்த்தாள். "சோறு போட்டுகினு இருந்தேன். கரண்டிய வுட்டெறிஞ்சேன். நெத்தில பட்டுச்சு. அதுக்கப்பால கூப்டவேயில்ல."

"மூத்தவ இளையவளை எப்படிக் கூப்பிடுவா?"

ரயில் யார்டு பக்கம் சரக்கு வண்டிகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி மோதும், அந்த மோதல் அடுத்த பெட்டிக்குப் போகும், அதற்கடுத்ததற்குப் போகும். கடைசிப் பெட்டி வரை சத்தம் போய்த் தேயும் மட்டும் அவள் தரையையே பார்த்திருந்தாள், எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவளைப் போல. எத்தனை ஏச்சுகள் அந்த வாயில் சரளமாக வரும்! இந்த ஒரு சொல்லுக்கு வழி தெரியவில்லை.

"தங்கச்சி" என்றாள். பிறகு, நாங்கள் கேட்காமலே இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க: "என் தங்கச்சி. எய்திக்கோ."

காரியதரிசி விதிமுறைக்காரர். கேட்காமல் இருக்க முடியவில்லை. "உடன்பிறந்த தங்கையா?"

"ஒரே கூரைல முப்பது வருசம் ஒண்டிக்கினு கீறோம். ஒரே மனுசனுக்கு ரெண்டு பேரும் மாரடிச்சு அழுதோம். இன்னும் இன்னாய்யா கூடப் பொறக்கணும்?"

காரியதரிசி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, அவரே நாக்கில் தொட்டு, அவரே எழுதினார். 'தங்கை.' கீழே கையெழுத்தும் போட்டார். நான் முதலில் எழுதியதை அழிக்க முடியாது. குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு அடியில் அது நன்றாகவே தெரிந்தது. கமிட்டித் தலைவருக்கு எல்லாம் தெரியும் என்றும், அந்தத் தாள் மேலே போனபோது அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றும் பின்னால் ரெபேக்கா அம்மாள் சொன்னார்.

ரிக்‌ஷாவில் ஏற்றிவிடப் போனேன். தாயாரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கருவாட்டு வாசனை இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை.

"இத்த அவகிட்ட சொல்லிக்கில்லி வெக்காதே. அப்பால அவளப் புடிக்க முடியாது, ஆமாம்."

லைன் வீட்டில்

மழைக்குப் பிறகு, என் பயிற்சி முடிகிற வாரத்தில், கடைசியாக ஒரு முறை அவர்களைப் பார்க்கப் போனேன். நல்ல வெயில். சுவரில் சுண்ணாம்பு இன்னும் கையில் ஒட்டியது. லைன் முழுக்கத் துணி காய்ந்துகொண்டிருந்தது. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று யாருக்குத் தெரியுமோ! பழைய குடிசை நின்ற இடத்தில் அலைதான் இருக்கிறது என்றார்கள்.

இவர்கள் வீடு எது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பத்து வீடு தள்ளியே கேட்டது.

"கொடத்த மூலைல வெக்காத, வெக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? செவுரு ஈரமாவுது பாரு, எருமை!"

"வேற எங்க வெக்கறது? உன் தலை மேல வெக்கட்டா?"

உள்ளே போனால் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தாயாரம்மா என்னைப் பார்த்துவிட்டு, "வா, குந்து. கறுத்துட்டியே" என்றாள். டீ வந்தது. எனக்குச் சர்க்கரை போதவில்லை என்று பச்சையம்மா சொல்ல, போதும் என்று தாயாரம்மா சொல்ல, அதற்கும் ஒரு சண்டை. ஒரு மணி நேரம் இருந்தேன். அட்டையைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. அந்த ஒரு மணி நேரத்தைப்போல நிறைவாக நான் வேறெங்கும் வேலை பார்த்ததில்லை, அது வேலையே இல்லை என்றாலும்.

கிளம்பும்போது தாயாரம்மா ஒரு பொட்டலம் கருவாட்டை என் பைக்குள் திணித்தாள். "உங்க வூட்ல துண்ணுவாங்களோ மாட்டாங்களோ, எடுத்துகினு போ" என்றாள். முட்டி வலி, வாசலோடு நின்றுகொண்டாள். பச்சையம்மா பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தாள். ரோட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஏம்மா, ஆபீசுல அவ என்னிய இன்னான்னு சொன்னா?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

"சொல்லாட்டி போ." பொக்கை வாய் நிறையச் சிரித்தாள். "ரூமு குடுத்த கடுதாசிய எதிர்வூட்டு மில்லு மேஸ்திரி படிச்சுக் காட்டிட்டாரு. என் பேருக்கு நேரா இருந்தத ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னேன்."

பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் ஊதினான். வண்டி நகர்ந்தபோது கூடவே நாலு எட்டு நடந்து வந்தாள்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே, கண்ணு. தெரிஞ்சா வெக்கப்பட்டுகினு திட்டறத நிறுத்திடுவா!"